கதிரியக்க அயோடின் வார்டில் செவிலியர் பணி: மருந்துக்கு முந்தைய வாரங்கள் முதல் வீடு திரும்பும்வரை

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கும் வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு சாரார் பயந்துபோய்க் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். நோயாளி தண்ணீர் குடித்தாரா, மலம் கழித்தாரா என்று கேட்க ஆளில்லை. இன்னொரு சாரார் ஈய அங்கியை மாட்டிக்கொண்ட தைரியத்தில் கட்டிலருகே நின்று நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வகையில் நோயாளிக்குக் கேடு, இரண்டாம் வகையில் செவிலியருக்கு. இந்த வார்டில் செவிலியர் வேலையின் பெரும்பகுதி நோயாளி மருந்தை விழுங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதுவரை அவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொடலாம், அருகில் உட்காரலாம், சொல்லிக்கொடுக்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு இருக்கிறது.

எதைக் கையாளுகிறோம்

தைராய்டு செல்கள் இரத்தத்தில் இருக்கும் அயோடினை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். பெரும்பாலான பாப்பில்லரி, ஃபோலிகுலர் வகைப் புற்றுநோய்களிலும் இந்தக் குணம் ஓரளவு மிஞ்சியிருக்கும். 1941இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சால் ஹெர்ட்ஸ், அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடினை முதன்முதலாகக் கொடுத்தார். சில ஆண்டுகளிலேயே அது புற்றுநோய்க்கும் வந்துவிட்டது. இந்தியாவில் மும்பை பரேலில் உள்ள கதிரியக்க மருத்துவ மையம் 1963 முதல் இயங்குகிறது.

அயோடின்-131 இரண்டு வகைக் கதிர்களை வெளியிடுகிறது. பீட்டா கதிர் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் அளவே போகும். சிகிச்சையைச் செய்வது அதுதான். காமா கதிர் உடலைத் தாண்டி வெளியே வரும். ஸ்கேன் எடுக்க உதவுவதும் அதுவே, நம்மேல் படுவதும் அதுவே. அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். ஆனால் உடலில் அவ்வளவு காலம் தங்காது. சுரப்பியை ஏற்கெனவே அறுவையில் எடுத்துவிட்டதால், புற்றுத் திசு பிடித்துக்கொண்டது போக மீதி பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும்.

ஈய அங்கி விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். எக்ஸ்ரே அறையில் அணியும் அங்கியில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான தடுப்பு இருக்கும். அயோடின்-131இன் முக்கியக் காமா கதிரைப் பாதியாகக் குறைக்கவே சுமார் 3 மில்லிமீட்டர் ஈயம் தேவை. ஆகவே அந்த அங்கி இங்கே வெறும் சுமை. அதைப் போட்டுக்கொண்டு நடை மெதுவாகி, அறைக்குள் கூடுதலாக இரண்டு நிமிடம் நின்றால் நஷ்டம்தான். சக்கரம் வைத்த கனத்த ஈயத் தடுப்புப் பலகை இருந்தால் அதன் பின்னால் நில்லுங்கள். இல்லாவிட்டால் தூரமும் நேரமும்தான் உங்கள் கவசம்.

தூரத்தின் பலனைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் தெளியும். 100 மில்லிகியூரி (மருந்தின் கதிரியக்க அளவு) விழுங்கியவுடன் நோயாளியிடமிருந்து 1 மீட்டரில் மணிக்கு ஏறக்குறைய 200 மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) இருக்கும். அங்கே 10 நிமிடம் நின்றால் சுமார் 33. அதே 10 நிமிடம் 2 மீட்டரில் நின்றால் 8 சொச்சம். கட்டிலை ஒட்டி அரை மீட்டரில் நின்றால் 130ஐத் தாண்டும். இந்தியாவில் கதிரியக்கப் பணியாளருக்கு அனுமதி ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், அதாவது 20,000 மைக்ரோசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. வாசலில் நின்று பேசுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதும், கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசக்கூடாது என்பதும் இந்த எண்களிலேயே இருக்கிறது.

நீங்கள் வாங்கும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜை மார்பில் அணியுங்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் பேட்ஜ் மூன்று மாதம் கழித்து இழுப்பறை வாங்கிய கதிர்வீச்சைச் சொல்லும், உங்களுடையதை அல்ல. கருவுற்றிருந்தால், சந்தேகம் இருந்தாலும்கூட, உடனே சொல்லிவிட்டு இந்த வார்டிலிருந்து மாறிக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களும் கதிரியக்க மாசு படக்கூடிய வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

மருந்துக்கு முந்தைய வாரங்கள்

புற்றுத் திசு அயோடினுக்கு ஏங்கிக் கிடக்க வேண்டும். இதற்கு இரண்டு ஏற்பாடுகள்: தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவை 30க்கு மேல் ஏற்றுவது, சாப்பாட்டில் அயோடினைக் குறைப்பது.

டி.எஸ்.எச். ஏற, தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகக் கொடுக்கும் தைராக்சின் மாத்திரையை மூன்று நான்கு வாரம் நிறுத்துவார்கள். வசதி இருந்தால், மாத்திரையை நிறுத்தாமல் அடுத்தடுத்த இரண்டு நாள் டி.எஸ்.எச். போலவே வேலை செய்யும் தைரோட்ரோபின் ஆல்ஃபா ஊசி போட்டு மறுநாள் அயோடின் கொடுப்பார்கள். அந்த ஊசியின் விலை அதிகம் என்பதால் மாத்திரையை நிறுத்தி வருபவர்களையே நாம் அதிகம் பார்க்கிறோம். அவர்கள் முகம் வீங்கி, குரல் கரகரத்து, குளிர் தாங்காமல், மலச்சிக்கலோடு வருவார்கள். கேட்ட கேள்விக்கு நிதானமாகத்தான் பதில் வரும். சொன்னது மனதில் தங்காது. ஆகவே விளக்கத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், உடன் வந்தவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

உணவுக் கட்டுப்பாடு ஒன்று முதல் இரண்டு வாரம். அயோடின் சேர்த்த உப்பு கூடாது என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டில் உப்பை மாற்றிவிட்டு ஊறுகாயும் அப்பளமும் கடை மிக்சரும் சாப்பிடுவார்கள். அவற்றில் எந்த உப்பு என்று யாருக்குத் தெரியும்? கல் உப்பு என்றாலே அயோடின் இல்லை என்ற நம்பிக்கையும் தவறு. பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லி நீங்களே படித்துப் பாருங்கள். மீன், கருவாடு, இறால், கடற்பாசி, பால், தயிர், முட்டை மஞ்சள் கரு இவையும் தவிர்க்க வேண்டியவை. தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்பவரிடம் எத்தனை நாளுக்கு என்று தேதி போட்டுச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வார். சோறு, பருப்பு, காய்கறி, பழம், எண்ணெய், உப்புச் சேர்க்காத கடலை தாராளமாகச் சாப்பிடலாம்.

உணவைவிடப் பெரிய அயோடின் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. சமீபத்தில் அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி சி.டி. எடுத்தாரா? அப்படியானால் ஒன்றிரண்டு மாதம் காத்திருக்க வேண்டிவரும். இதயத் துடிப்பைச் சீராக்கும், அயோடின் நிறைந்த அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறாரா? அதன் தாக்கம் மாதக்கணக்கில் நீளும். கழுத்துத் தழும்புக்கோ சர்க்கரைப் புண்ணுக்கோ அயோடின் கலந்த பெட்டாடின் வைத்துக் கட்டுகிறாரா? இதைக் கேட்கத் தோன்றுவது செவிலியருக்குத்தான், ஏனென்றால் கட்டுப்போடுவது நாம். மருந்துச் சீட்டில் பெட்டாடின் பெயர் பல சமயம் இருப்பதே இல்லை. கட்டைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். மணமாகாதவரிடம் இதைக் கேட்கச் சங்கடப்பட்டு விட்டுவிடக் கூடாது. எல்லோருக்கும் செய்யும் சோதனை என்று சொல்லி, தாயும் மாமியாரும் இல்லாத இடத்தில் தனியாகக் கேளுங்கள். பால் கொடுக்கும் தாயாக இருந்தால் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். பாலூறும் மார்பு அயோடினை இழுத்துக்கொள்ளும். இந்தக் குழந்தைக்கு மீண்டும் பால் கொடுக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

கதவு மூடுவதற்கு முன்

இந்தியாவில் பொதுவாக 30 மில்லிகியூரிக்கு மேல் கொடுப்பதாக இருந்தால் தனி அறையில் சேர்க்கிறார்கள். புற்றுநோய்க்குக் கொடுப்பது பெரும்பாலும் 100 முதல் 200 வரை. சேரும் அன்று காலை செவிலியருக்குக் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் மிக விலை உயர்ந்தது.

முதல் வேலை வீட்டைப் பற்றி விசாரிப்பது. எத்தனை அறை, எத்தனை கழிப்பறை? சின்னக் குழந்தைகள் உண்டா? மருமகள் கர்ப்பமா? பேரன் பாட்டி மடியில்தான் தூங்குவானா? ஊருக்கு எப்படிப் போவார்? ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடு என்றால் அதை இப்போதே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் தெரிந்து என்ன பயன்?

இரண்டாவது வயிறு. மூன்று நாளாக மலம் போகவில்லை என்றால் மருந்துக்கு முன்பே மலமிளக்கி கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். குடலில் தங்கும் அயோடின் குடலையே சுடும்.

மூன்றாவது, தொட்டுச் செய்ய வேண்டிய எல்லாம். இரத்தம் எடுப்பது, ஈ.சி.ஜி., புண் கட்டு, நகம் வெட்டுவது, சிரை ஊசி தேவைப்படலாம் என்றால் அதைப் போட்டு வைப்பது. சிறுநீரை அடக்க முடியாதவருக்குக் குழாய் போடுவதாக இருந்தாலும் இப்போதுதான். பையை எங்கே வைப்பது, எப்போது யார் காலி செய்வது என்பதைப் பாதுகாப்பு அலுவலரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் நோயாளி என்றால் தனித் திட்டமே வேண்டும். சிறுநீர் வழியே வெளியேறாத அயோடின் உடலில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான்காவது ஒத்திகை. அழைப்பு மணியை அழுத்தச் செய்து பாருங்கள். கழிப்பறைக்குக் கூட்டிப்போய், ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும், இரண்டு மூன்று முறை தண்ணீர் விட வேண்டும், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று அங்கேயே காட்டுங்கள். மேற்கத்திய முறைக் கழிப்பறையில் உட்கார்ந்தே பழகாதவர் நம் வார்டுகளில் நிறைய. அவர் விளிம்பில் குந்த முயன்றால் சிந்தத்தான் செய்யும். அந்தக் கழிவு நேரே சாக்கடைக்குப் போகாமல் தேக்கத் தொட்டியில் நின்று வீரியம் குறைந்த பிறகே வெளியேறும் என்பதையும் சொன்னால், ஏன் இவ்வளவு கெடுபிடி என்பது அவருக்குப் புரியும்.

அறைக்குள் போகும் பொருள் மாசுபட்டால் திரும்ப வராமல் போகலாம். நகையைக் கழற்றி வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவரை வற்புறுத்தாதீர்கள். பிறகு கழுவி அளந்து பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியைக் கனமில்லாத பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிவிட்டால் உள்ளிருந்தே பேசலாம். அதைப் பறித்துக்கொள்ளும் வார்டுகள் உண்டு. மூன்று நாள் தனிச் சிறையில் அந்த ஒரு கருவிதான் துணை. அதை மறுப்பது எனக்கு உடன்பாடு இல்லை. கைப்பிடி, தொலைபேசி, மெத்தை, தலையணை, கழிப்பறையைச் சுற்றிய தரை, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் விரிப்போ உறிஞ்சும் தாளோ போட்டிருக்க வேண்டும்.

மருந்து கொடுக்கும்போது

குறைந்தது இரண்டு மணி நேரம் வெறும் வயிறு. குமட்டல் மருந்தை முன்பே கொடுத்துவிடுங்கள். பெயர், பிறந்த தேதி, மருந்தின் அளவு, கர்ப்பப் பரிசோதனை முடிவு இவற்றை இருவராகச் சரிபார்க்க வேண்டும். மருந்தைக் கொடுப்பது அணு மருத்துவக் குழுவின் வேலை. செவிலியர் அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: நோயாளியால் கேப்சூலை விழுங்க முடிகிறதா? கழுத்து அறுவைக்குப் பின் சிலருக்கு விழுங்குவது சிரமம். முந்தைய நாளே தண்ணீரோடு ஒரு சாதாரண மாத்திரையை விழுங்கச் சொல்லிப் பார்த்திருந்தால் அந்த நேரத்துப் பதற்றம் இராது. கேப்சூலைக் கடிக்கக் கூடாது.

அறைக்குள் இரண்டு மூன்று நாள்

உணவுத் தட்டை வாசலிலோ அதற்கென்று போட்ட மேசையிலோ வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் வைத்துவிட்டு வருவதோடு வேலை முடிவதில்லை. ஷிப்டுக்குக் குறைந்தது மூன்று நான்கு முறை தொலைபேசியிலோ வாசலில் நின்றோ பேசுங்கள். கேள்விகள் குறிப்பாக இருக்கட்டும்: எத்தனை பாட்டில் தண்ணீர் காலி, எத்தனை முறை சிறுநீர், மலம் போனதா, குமட்டுகிறதா, காதுக்குக் கீழே தாடையோரம் வீங்கியிருக்கிறதா, கழுத்து இறுக்கமாக இருக்கிறதா, மூச்சு விட முடிகிறதா. இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இல்லாவிட்டால் நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் திரவம் தேவை. இரவிலும் எழுந்து சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். தைராக்சின் நிறுத்திய நோயாளி அடித்துப்போட்டதுபோல் தூங்குவார். நடு இரவில் ஒரு முறை அழைத்து எழுப்புவது நல்லது.

உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயோடினை இழுக்கும். எலுமிச்சை, புளிப்பு மிட்டாய் கொடுத்து உமிழ்நீரை ஓடவைப்பது பழைய வழக்கம். எப்போது தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மிகச் சீக்கிரம் தொடங்கினால் சுரப்பிக்கு இரத்த ஓட்டம் கூடி அயோடினும் கூடுதலாகச் சேரும் என்று சொல்லி, 24 மணி நேரம் கழித்துத் தொடங்கும் இடங்கள் இருக்கின்றன. உங்கள் மருத்துவமனையின் நடைமுறை எதுவோ அதை எல்லா ஷிப்டும் ஒரே மாதிரி பின்பற்றட்டும். தாடையோரம் வலித்து வீங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உமிழ்நீரில் கதிரியக்கம் இருப்பதால் மென்று துப்பும் எதையும் உணவில் வைக்காதீர்கள். சாம்பாரில் முருங்கைக்காய் போட்டு அனுப்பினால் சக்கை முழுவதும் தட்டோரம் கிடக்கும். அந்தத் தட்டை எடுக்கப் போகிறவர் நீங்கள். எலும்புள்ள கறி, கரும்பு, கொட்டையுள்ள பழம் எல்லாம் அப்படியே. சமையலறைக்கு இதைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். வியர்வையிலும் அயோடின் வரும். ஆகவே தினமும் குளிக்க வேண்டும், தலையணை உறை மாற்ற வேண்டும்.

உள்ளே போயே ஆகவேண்டும் என்றால் வேலையை வெளியிலேயே மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கையுறை, காலணி உறை, கவுனோடு ஒரே தடவையில் போய் வாருங்கள். வரும்போது வாசல் கோட்டில் காலணி உறையையும் கையுறையையும் கழற்றிக் குப்பைப் பெட்டியில் போட்டு, கை கழுவி, மாசு அளவியில் கையையும் காலையும் காட்டிய பிறகே நகர வேண்டும். ஒரே செவிலியரை எல்லா முறையும் அனுப்பாமல் பகிர்ந்துகொள்வது பொறுப்புச் செவிலியரின் கடமை. புதிதாக வந்த இளையவர் தலையில் கட்டிவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும்.

வாந்தி எடுத்துவிட்டால், சிறுநீர் சிந்திவிட்டால்

விழுங்கிய முதல் சில மணி நேரத்தில் வரும் வாந்திதான் இந்த வார்டின் பெரிய விபத்து. மருந்தின் பெரும்பகுதி அதிலேயே இருக்கக்கூடும்.

1. நோயாளி மூச்சுத் திணறாமல் நன்றாக இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.
2. யாரும் அதை மிதித்து நடக்க விடாதீர்கள். துப்புரவுப் பணியாளரைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்வது பெரும் தவறு. துடைப்பம் வார்டு முழுக்கப் பரப்பிவிடும்.
3. பாதுகாப்பு அலுவலரை அழையுங்கள். வாந்தி வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். கேப்சூல் முழுதாகத் தெரிகிறதா என்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லுங்கள்.
4. இரட்டைக் கையுறையோடு, உறிஞ்சும் தாளை மேலே போட்டு மூடுங்கள். துடைக்கச் சொன்னால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைக்க வேண்டும்.
5. உங்கள் தோலில் பட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போதும். கரகரவென்று தேய்த்தால் தோல் புண்பட்டு உள்ளே போகும்.

உயிருக்கு ஆபத்து வந்தால்

நோயாளி மயங்கி விழுந்தாலோ இதயம் நின்றாலோ கதிர்வீச்சுக் கணக்குப் பார்க்கக் கூடாது. கையுறை மாட்டிக்கொண்டு உடனே மார்பழுத்தம் தொடங்குங்கள். மூச்சுக்கு வாயோடு வாய் வேண்டாம், பை-முகமூடி போதும். அரை மணி நேரம் உடலோடு ஒட்டி வேலை செய்தாலும் மீட்புக் குழுவினர் ஒவ்வொருவரும் வாங்குவது ஆண்டு வரம்புக்குள் அடங்குவதுதான். முடிந்ததும் எல்லோரும் மாசு அளவியில் பார்த்துக்கொண்ட பிறகு கலையட்டும். இறப்பு நேர்ந்தால் உடலை யார், எப்படி, எப்போது எடுப்பது என்பது பாதுகாப்பு அலுவலரின் முடிவு. பதப்படுத்தக் கூடாது என்பதைக் குடும்பத்தாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிவரும்.

மூளையிலோ முதுகெலும்பிலோ பரவல் இருப்பவர்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். டி.எஸ்.எச். ஏறுவதாலும் சிகிச்சையாலும் அங்கே வீக்கம் கூடலாம். புதிதாகத் தலைவலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைத்தல் என்றால் உடனே மருத்துவர் வர வேண்டும்.

லூட்டீசியம், ரேடியம் கொடுக்கும்போது மாறுவது

நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுபவை) லூட்டீசியம்-177 டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்தை 200 மில்லிகியூரி வீதம், எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை சிரை வழியே ஏற்றுகிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு, அதன் செல்லில் உள்ள பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தில் ஒட்டும் லூட்டீசிய வடிவம், ஆறு வார இடைவெளியில் ஆறு முறைவரை. லூட்டீசியத்தின் காமா கதிர் அயோடினுடையதைவிட மிகப் பலவீனம். தங்கும் நேரமும் குறைவு. ஆனால் டோட்டாடேட்டில் செவிலியர் வேலை அதிகம். சிறுநீரகத்தைக் காக்க லைசின், அர்ஜினின் அமினோ அமிலக் கரைசலை மருந்துக்கு அரை மணி முன்பே தொடங்கி மணிக்கணக்கில் ஏற்ற வேண்டும். வாந்தியும் குமட்டலும் பெரும்பாலும் இதனால்தான். இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறலாம். சிரை ஊசி நன்றாக ஓடுகிறதா என்று உப்புநீர் விட்டுப் பார்த்த பின்பே இணையுங்கள், தோலடியில் கசிந்தால் அங்கேயே தங்கிவிடும். திடீரென்று முகம் சிவந்து, இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு இழுத்தால் அது கார்சினாய்டு நெருக்கடி, கட்டி தன் ஹார்மோன்களைத் திடீரென்று கொட்டுவதால் வருவது. அதை அடக்கும் மருந்தான ஆக்ட்ரியோடைட் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எலும்புப் பரவலுக்குக் கொடுக்கும் ரேடியம்-223 ஆல்ஃபா கதிர் தருவது. தோலைத் தாண்டி வெளியே வராது என்பதால் அருகில் நிற்கலாம். இதில் கவனம் மலத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் குடல் வழியேதான் வெளியேறுகிறது. டயப்பரோ பெட்பேனோ கையாளும்போது கையுறை கட்டாயம்.

வீட்டுக்கு அனுப்பும்போது

1 மீட்டர் தூரத்தில் சர்வே மீட்டர் காட்டும் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குக் கீழே இறங்கிய பிறகே பாதுகாப்பு அலுவலர் கையெழுத்திடுவார். எத்தனை நாள் தனிப் படுக்கை, எத்தனை நாள் குழந்தைகளிடமிருந்து விலகல் என்பதை அவர் நோயாளிக்கு நோயாளி கணக்கிட்டு எழுதித் தருவார். சீட்டைக் கையில் கொடுத்துவிடாமல் படித்துக் காட்டி, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

அதிகம் வரும் கேள்வி, "பேரனைத் தூக்கலாமா, சிஸ்டர்?" தேதி சொல்லிப் பதில் கொடுங்கள்: இந்த வெள்ளி வரை தூக்கக் கூடாது, ஒரு ஆள் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், பேசலாம். இரவு முழுக்கப் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரோடு தோள் உரசிப் பயணம் செய்வது சரியல்ல. காரில் பின்னிருக்கையில் ஓட்டுநருக்குக் குறுக்கு மூலையில் உட்கார்ந்து போகட்டும். வீட்டில் தட்டு, டம்ளர், துண்டு தனி. துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். சமைத்துக் கையால் பிசைந்து மற்றவருக்கு ஊட்டுவது சில நாளைக்கு வேண்டாம். விமானத்தில் போகிறவருக்குச் சிகிச்சைச் சான்று கட்டாயம் கொடுங்கள். நிலையக் கதிர்வீச்சு உணரிகள் வாரக்கணக்கில்கூட அலறலாம்.

பெண்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை, ஆண்கள் குறைந்தது மூன்று நான்கு மாதம் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட வேண்டும். தைராக்சினை எந்த நாள், எத்தனை மைக்ரோகிராம் என்று மீண்டும் தொடங்குவது, ஒரு வாரத்துக்குள் எடுக்கும் முழு உடல் ஸ்கேனுக்கு எப்போது வருவது, இரண்டையும் சீட்டின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். மாத்திரையைத் தொடங்கச் சொல்ல மறந்து, மாதக்கணக்கில் மந்தமாகவே கிடக்கும் நோயாளிகள் உண்டு.

அவர் போனதும் அறையை அளக்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். படுக்கை விரிப்பு, உறை, மிச்ச உணவு, குப்பை எல்லாம் தேதி எழுதிய பைகளில் சேமிப்பறைக்குப் போகும். அயோடினுக்குப் பத்து அரை ஆயுள் என்றால் ஏறக்குறைய 80 நாள். சில லூட்டீசியத் தயாரிப்புகளில் 160 நாள் அரை ஆயுள் கொண்ட கலப்படம் சிறிதளவு இருக்கும் என்பதால் அதன் கழிவை அயோடின் கழிவோடு சேர்த்துக் கட்டக் கூடாது. அளவி பின்னணி அளவைக் காட்டிய பிறகே துணி சலவைக்கும், குப்பை வெளியேயும், அறை அடுத்தவருக்கும் போக வேண்டும்.